பிடித்துப்போன காரணம்

"என்னை உங்களுக்கு எதனால பிடிச்சது?"

மனைவி இதைக் கேட்டபோது மெத்தைக்காரர் கட்டிலுக்கு அடியில் ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தார். தலையை வெளியே எடுக்காமலே, "யாரை?" என்று கேட்டார். முதல் தப்பு அதுதான்.

கேள்வியைக் கொளுத்திப் போட்டது மச்சினி. அவளை ஒருவனுக்குப் பிடித்துப்போய், ராத்திரிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தான். இவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. காரணம் தெரியாமல் எப்படிக் கழுத்தை நீட்டுவது என்று அக்காவிடம் யோசனை கேட்க வந்திருந்தாள்.

"உங்க அத்தானைக் கேளு. டக்குனு சொல்வாரு" என்று அக்கா பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெருமைக்கு நியாயம் இருந்தது. மெத்தைக் கடையில் நாளெல்லாம் அவருக்கு அதுதான் பிழைப்பு. வருகிறவர்கள் ஒரு மெத்தையில் படுத்துப் பார்த்து, கண் செருக, "இது பிடிச்சிருக்கு" என்பார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் வீட்டில் போய்ச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. இவர் எடுத்துக் கொடுப்பார்: முதுகுக்கு நல்லது, சூடு ஏறாது, பிள்ளைகள் குதித்தாலும் பள்ளம் விழாது. ஊருக்கெல்லாம் காரணம் சப்ளை செய்கிற மனுஷனுக்குச் சொந்தச் செலவுக்கு ஒன்று இல்லாமலா போய்விடும்?

"உன் சிரிப்புதான்" என்றார், மெத்தை விற்கிற அதே குரலில்.

"என் சிரிப்பை எப்போ பார்த்தீங்க?"

"முதல் நாளே பார்த்தேனே. நீ வேலை பார்த்த விளக்குக் கடையில."

மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "அன்னைக்குக் காலைலதான் எனக்குக் கடவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க. கன்னம் பந்து மாதிரி வீங்கி, வாயையே திறக்க முடியல. அதுக்கப்புறம் ஒரு வாரத்துக்கு நான் சிரிக்கவே இல்ல."

"ஓகோ" என்றார் மெத்தைக்காரர்.

"கல்லாவுல ஒருத்தி உட்கார்ந்திருப்பா. அவதான் சில்லறை எண்ணும்போதுகூடச் சிரிப்பா."

விஷயம் எங்கே போகிறது என்று அவருக்குப் புரிந்தது. "சிரிப்புன்னா வாய்விட்டுச் சிரிக்கிறது இல்லம்மா. அந்த மச்சம் இருக்கே, இடது கன்னத்துல, அதைச் சொன்னேன்."

"பல்லும் இடது பக்கந்தான். கன்னத்தைச் சுத்தி மப்ளர் கட்டியிருந்தேன். உள்ள இருந்த மச்சம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அத்தான், இதோட நிறுத்திக்கோங்க" என்றாள் மச்சினி. நல்ல யோசனை. அவர் கேட்டிருக்கலாம்.

அதற்குப் பதிலாகக் கண்ணை மூடி, நிஜமாகவே நினைத்துப் பார்த்தார். அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கடையின் கூரை முழுக்க விளக்குகள். ஒவ்வொன்றும் பூசணிப்பூ அளவுக்கு மலர்ந்து, ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று கலந்து நின்றது. வெளிச்சத்துக்கு உள்ளேயே நடந்து போகிற மாதிரி இருந்தது. அப்போது தூரத்திலிருந்து மஞ்சளாக ஒன்று மிதந்து வந்தது. ஒரு பல்பை எரியவைத்துப் பார்த்து, அதை வெதுவெதுப்பாக அவர் உள்ளங்கையில் வைத்தது. பிறகு சட்டைக் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டது. மூக்கு, முழி என்று தனியாக எதுவும் ஞாபகத்தில் இல்லை. காதல் என்றால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தார்.

"மஞ்சள்" என்றார் கண்ணைத் திறந்து. இந்தத் தடவை கலப்படமில்லாத உண்மை. "நீ மஞ்சள் சட்டை போட்டிருந்தே. அதுதான் பிடிச்சது."

"அது யூனிஃபார்ம். கல்லாப் பொண்ணும் மஞ்சள்தான் போட்டிருந்தா. ஏன், எங்க மேனேஜரும் மஞ்சள்தான். அவரைப் பிடிக்கலையா உங்களுக்கு?"

மச்சினிக்குப் புரையேறிவிட்டது. அவள் இருமி முடிப்பதற்குள் அக்கா எழுந்து போய், அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கிவிட்டாள்.

"நான் இவகூட அம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க யாரையோ நினைச்சு என்னைக் கட்டிக்கிட்டீங்க. யாருன்னு நிதானமா யோசிச்சு வையுங்க."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவள் இல்லாத ஒரு சாயங்காலம் இந்த வீட்டில் எப்படி நகரும் என்று அவரால் யோசிக்கவே முடியவில்லை. பதற்றம் வந்தால் அவருக்குக் கண்ணாடியைத் துடைக்கிற பழக்கம். கழற்றித் துடைத்தார். பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கலாம் என்று கண்ணாடியைக் கட்டிலில் வைத்தார். அதே நேரம் அவள் பெட்டியைக் கட்டிலில் போட்டாள்.

கடையிலேயே உயர்ந்த மெத்தை அது. பெட்டி விழுந்த சத்தம் கேட்கவில்லை. கண்ணாடிச் சட்டம் முறிந்த சத்தம் மட்டும் கேட்டது.

"பரவாயில்ல, நீ கிளம்பு. நான் தனியாப் போய்ச் சரி பண்ணிக்கிறேன்" என்று அவர் ரோஷமாகச் சொன்னார். சொன்னது அலமாரியிடம்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணாடியைச் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போறேன். நீங்க போய் லாரியில விழுந்தா அந்தப் பழியும் எனக்குத்தான்" என்று அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். மச்சினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

கண்ணாடிக் கடை, அந்தப் பழைய விளக்குக் கடைக்கு அடுத்த கடை. மனைவி வேலையை விட்ட பிறகு இருவரும் அந்தப் பக்கம் அதிகம் வந்ததில்லை. இருட்டத் தொடங்கியதால் விளக்குக் கடையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டிருந்தார்கள். மெத்தைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். விளக்குகளைப் பார்த்தார், பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நீ அன்னைக்கு எப்படி இருந்தியோ, இப்பவும் அப்படியே இருக்கே" என்றார். விற்பனைக் குரல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

சட்டைக் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் கொஞ்சம் இறங்கி, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன.

கண்ணாடிக் கடைக்காரர் வயசானவர். "வாம்மா, இந்தப் பக்கமே காணோமே" என்று அவளை விசாரித்துவிட்டு, முறிந்த சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு குனிந்தார். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

மச்சினிக்கு அவள் கவலை. "அத்தானை விடுக்கா. உனக்கு இவரை எதனால பிடிச்சது? அதையாவது சொல்லு. நான் பதில் சொல்லணும்."

"எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள் அக்கா. "அன்னைக்குக் கடைக்கு வந்தவங்க எல்லாம் என் வீங்கின மூஞ்சியைத்தான் பார்த்தாங்க. பாதிப் பேர் சிரிச்சாங்க, மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. இவர் ஒருத்தர்தான் கிட்ட வந்து நின்னு, என்னையே உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. துளிகூட முகம் சுளிக்கல. என்னவோ நான் பெரிய அழகி மாதிரி. அந்தப் பார்வைக்காகத்தான் கட்டிக்கிட்டேன்."

தன் கோபம் எவ்வளவு அநியாயம் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். காலால் பெட்டியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். மெத்தைக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். மச்சினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி என்று சொல்வதற்காகப் போனைத் தேடினாள்.

கண்ணாடிக் கடைக்காரர் சட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் ஞாபகம் இருக்கும்மா, 'பக்கத்துக் கடைல மஞ்சள் சட்டை போட்ட அந்த அழகான பொண்ணு யாரு'ன்னு அன்னைக்கு இவரு வந்து என் உசிரை எடுத்தப்ப, இவரு கண்ணாடி இதே மாதிரி ரெண்டு துண்டா என் கையிலதானே இருந்துச்சு."