மொட்டைக்குத் திறக்காத துப்பாக்கி

"அந்நியர். பூட்டு திறக்காது" என்றது துப்பாக்கி.

கோதண்டபாணி தலையில் பூசியிருந்த சந்தனத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி முகத்தைக் காட்டினார்.

"அந்நியர்."

திருத்தணி மலைக்குப் போகும் சாலையில் இருந்த அடகுக்கடைக்கு அவர்தான் காவலாளி. அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் விசைமேல் போன வருடம் ஒரு மின்னணுப் பூட்டை மாட்டியிருந்தார்கள். முதன்முதலில் காட்டிய முகத்தைக் கண்டால்தான் அது விசையை விடும். காலையில் கடைக்குள் வந்ததும், கண்ணை மூடி, துப்பாக்கியைத் தூக்கி ஒரு கும்பிடு போடுவார். க்ளிக்கென்று திறந்துகொள்ளும். ஒருநாள்கூடத் தகராறு செய்ததில்லை.

நேற்று மனைவி கமலாவின் வேண்டுதலுக்காக மலையில் முடியோடு மீசையையும் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"சின்ன முதலாளி வர்ற நேரமாப் பார்த்தா மொட்டை போடுவீங்க?" என்றாள் காசாளர் நிர்மலா.

"முருகன்கிட்ட தேதி மாத்திக் கேக்க முடியுமாம்மா?"

சின்ன முதலாளி தீனதயாளன் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தார். பூட்டைத் திறந்து காட்டாத காவலாளிக்கு இன்றோடு வேலை கிடையாது என்று போனிலேயே சொல்லிவிட்டார். அவருக்காகக் கடைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சுவரிலிருந்து கழற்றிய படங்களை, கடையைப் பெருக்கும் குப்பம்மாள் கொல்லையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"துப்பாக்கியில முன்ன இருந்த தாழ்ப்பாளைக் கட்டைவிரலால தள்ளினா போதும். அதுக்கு மீசை வேணாம்" என்று முனகினார் கோதண்டபாணி.

"மீசைதானே குறை? இருங்க" என்று நிர்மலா கண்மையை எடுத்து வரைந்தாள். ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் போனது.

"அந்நியர். எச்சரிக்கை."

பக்கத்து பியூட்டி பார்லருக்கு ஓடி ஒரு டோப்பா வாங்கி வந்தாள். அது தோள்வரை புரண்டது. கோதண்டபாணி அதைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, பயபக்தியோடு பூட்டைப் பார்த்தார்.

பூட்டு ஒரு கணம் யோசித்தது.

"திருடன்! திருடன்! திருடன்!"

சைரன் அலறியது. மலையிறங்கி வந்துகொண்டிருந்த ஆந்திரா பக்தர்கள், மொட்டைத் தலைகளில் சந்தனம் மின்ன, "தொங்கா! தொங்கா!" என்று திருடனைத் தெலுங்கில் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து கோதண்டபாணியை அமுக்கினார்கள்.

"யோவ், நான் வாட்ச்மேன்யா! வுடுங்கய்யா!"

"வாட்ச்மேனுக்கு இவ்ளோ கூந்தலா?" என்று ஒருவர் இழுக்க, டோப்பா அவர் கையோடு வந்தது. உள்ளே இருந்ததும் மொட்டை என்று கண்டதும் குழம்பிப்போய் விட்டுவிட்டார்கள்.

அப்போது தீனதயாளன் நுழைந்தார். கோணல் மீசையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யார் இது?"

"நான்தாங்க, கோதண்டபாணி."

"திருடன்!" என்றது துப்பாக்கி, மேஜைமேல் கிடந்தபடி.

"இதை யாராலயும் ஏமாத்த முடியாது. அதுக்கே உன்னை அடையாளம் தெரியல. நீ கிளம்பு."

"பதினாறு வருசமா இருக்கேங்க. பெரியவரு வெச்ச ஆளுங்க நானு."

அப்பா பேச்சு வந்ததும் தீனதயாளனின் பார்வை தானாகச் சுவருக்குப் போனது. அது வெறும் வெள்ளையாக இருந்தது.

"எங்க நைனா படம் எங்க?"

"இதோ வந்துகினே இருக்கேங்க!" என்று குப்பம்மாள் கொல்லையிலிருந்து வந்தாள். காலமான பெரிய முதலாளி, கொம்பு மீசையும் புது மாலையுமாக, அவள் நெஞ்சோடு அணைத்து வந்த படத்திலிருந்து எல்லாரையும் பார்த்தார்.

சைரன் நின்றது.

க்ளிக்.

"வணக்கம். பூட்டு திறந்தது."

தீனதயாளன் துப்பாக்கியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு எல்லாரும் முழிச்சிகினு நிக்கிறீங்க?" என்றாள் குப்பம்மாள். "பூட்டு மாட்டின அன்னிக்கு, புதுசாச்சேன்னு பாணி அண்ணன் மொதல்ல பெரியவரு படத்துக்குக் காட்டிக் கும்பிட்டாரு, அன்னியிலருந்து தினமும் அவருதான தொறந்து வுட்டுகினு இருக்காரு!"