தொண்ணூற்று நான்கு எலும்பும் ஒரு 'ம்'மும்

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கும் ஒரே மரத்தில், ஒரு காகம் குடியிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் வடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால் அதற்கு ஒரு செல்போன்தான் கிடைத்தது. தினமும் காலையில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று ஆரம்பித்து அதிலிருந்து ஏதாவது வாசிக்கும். மனிதனால் தன் முழங்கையைத் தானே நக்க முடியாது என்று ஒருநாள் அது வாசித்தபோது, காடே மனிதனுக்காகப் பரிதாபப்பட்டது.

அந்தக் காட்டுக்கு ஒரு நாய் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஊரில் ஒரு வீட்டு கேட்டில் மூன்று வருடம் சங்கிலியில் கிடந்து, ஒரு தீபாவளி வெடிச்சத்தத்தில் அறுத்துக்கொண்டு ஓடி வந்த நாய். ஊரில் அதற்கு டைகர் என்று பெயர். காட்டில் புலி இருந்ததால் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இஷ்டப்பட்ட நேரத்தில் தூங்கி, இஷ்டப்பட்ட மரத்தில் காலைத் தூக்கி, சந்தோஷமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காகம் வாசித்தது: "உங்களுக்குத் தெரியுமா? மனுசக் குழந்தை பொறக்கும்போது உடம்புல முந்நூறு எலும்பு இருக்கும். வளர்ந்த மனுசனுக்கு இருநூத்தி ஆறுதான்!"

காடு கணக்குப் போட்டது. தொண்ணூற்று நான்கு குறைந்தது. எல்லாத் தலைகளும் நாய் பக்கம் திரும்பின.

"நான் எடுக்கலைங்க," என்றது நாய். அதுவரை அதை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

சிங்கராஜா விசாரணை வைத்தார். "நாளைக்கு மனுசன் வந்து கேட்டா யார் பதில் சொல்றது?" என்பது அவர் கவலை. நாயிடம் ஒரு படிவம் நீட்டினார்கள். 'எலும்புக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு: அ) உணவு ஆ) பொழுதுபோக்கு இ) இரண்டும்.' தொடர்பில்லை என்று சொல்லக் கட்டமே இல்லை. நாய் நேர்மையாக மூன்றாவது கட்டத்தில் கால்ரேகை வைத்தது. அதன் பிறகு அது படுக்கும் தேக்குமரத்தடியைத் தோண்டினார்கள். ஓர் எலும்பு கிடைத்தது.

"ஒண்ணு கிடைச்சாச்சு. மீதி தொண்ணூத்தி மூணு எங்கே?" என்றார் ராஜா.

"அது மான் எலும்பு ராஜா. போன வாரம் நீங்க தின்னு போட்டதுதான்."

"அப்போ நான் திருடன்கிறியா?"

கணக்குக் காட்டாவிட்டால் ஊருக்கே திருப்பி அனுப்புவது என்று முடிவானது. 

அப்போது யாரும் கூப்பிடாமலே கரையான் முன்னால் வந்தது. ஒரு மடத்து நூலகத்தை அட்டை முதல் அட்டை வரை தின்று தீர்த்ததால், காட்டில் அதைப் புலவர் என்பார்கள்.

"ராஜா, எலும்பு எங்கேயும் போகலை. வளர வளரச் சேர்ந்துடும்," என்றது கரையான்.

"யார்கிட்ட சேர்ந்துச்சு?"

"ஒண்ணோட ஒண்ணு சேரும் ராஜா. மண்டையோட்டுல, முதுகுத்தண்டுக்கு அடியில எல்லாம் நாலஞ்சு எலும்பு ஒண்ணாயிடும். தமிழ்லயும் அப்படித்தானே? மரமும் வேரும் சேர்ந்தா மரவேர். மரத்துல இருந்த 'ம்' எங்கே? யாரும் திருடலை, சேரும்போது மறைஞ்சுபோச்சு. இலக்கணத்துல இதுக்குப் பேரு கெடுதல்."

"கெடுதலா!" ராஜா எழுந்து நின்றுவிட்டார். "என் காட்டு மரத்துக்கு, எனக்குத் தெரியாமக் கெடுதலா? எவன் செஞ்சான்?"

"புலவரே, போதும்," என்று நாய் முனகியது. படித்தவர்கள் போதும் என்றால் நிறுத்துவார்களா?

"இதென்ன பிரமாதம் ராஜா! உதடே ஒட்டாம ஒரு நூல் முழுக்கப் பாடின கவிராயர் இருந்திருக்கார். உதடு ஒட்டினாத்தானே 'ம்' வரும்? வலைபோட்டுத் தேடினாலும் அதுல ஒரு 'ம்' கிடைக்காது. அந்தச் சுவடியை நானே ருசிச்சுச் சாப்பிட்டிருக்கேன்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று காகம் கத்தியது. "அத்தனை 'ம்'மையும் தின்னுட்டேன்னு அதுவே ஒத்துக்குது!"

காடு எலும்பை மறந்து எழுத்துக்குத் தாவியது. ராஜா நாயைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒரு சாட்சி வேணும். நீ சொல்லிட்டா எலும்பு விஷயத்தை விட்டுடறேன். 'ம்'மைத் தின்னது இந்தக் கரையான்தானே?"

நாய் கரையானைப் பார்த்தது. நாம் காப்பாற்றியவன் நம்மைக் காப்பாற்றுவான் என்ற தைரியத்தில் அது மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. நாய்க்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே கழுத்தும் அரித்தது, சங்கிலி கிடந்த அதே இடத்தில். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னது:

"ம்."

காகம் கிளையில் துள்ளியது. "ராஜா! காணாமப்போன 'ம்' இங்கே இருக்கு! நாய் வாயிலதான் இருக்கு!"

வாயும் களவுமாகப் பிடிபட்டதால் மேல்முறையீடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே டைகர் பழைய கேட்டில், பழைய சங்கிலியில் கிடந்தது. கரையான் அந்தப் படிவத்தைத் தின்றுவிட்டுப் புற்றுக்குப் போனது.

மறுநாள் காலை காகம் வாசித்தது: "உங்களுக்குத் தெரியுமா? ஒரு நாயால் தொண்ணூற்று நான்கு எலும்பையும் ஒரு மெய்யெழுத்தையும் ஒரே வாயில் ஒளித்து வைக்க முடியும்!"

காடே வியந்தது.

நீதி: காட்டிக்கொடுப்பது என்று முடிவெடுத்துவிட்டால் வாலை ஆட்டினால் போதும், 'ம்' கொட்டாதீர்கள்.