தாய்மாமன் தள்ளிய கரி பஸ்

மேட்டில் பாதி தூரம் ஏறியதும் பஸ் ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் மூச்சே விடவில்லை.

"தம் பத்தல வாத்தியாரே," என்றார் டிரைவர் மொக்கையன், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல். "வண்டி நின்னு போச்சு."

உலகச் சண்டைக் காலம். பெட்ரோலைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உலையைக் கட்டி, அதில் அடுப்புக் கரியைப் போட்டு, அதிலிருந்து வரும் புகையில்தான் வண்டியை ஓட்டினார்கள். கரி பஸ்ஸில் ஏறுகிறவன் டிக்கெட்டுக்குக் காசும் கொடுக்க வேண்டும், மேடு வந்தால் தோளும் கொடுக்க வேண்டும். ஆகையால் மற்ற யாருக்கும் இது அதிசயமாகப் படவில்லை. கண்ணுச்சாமி வாத்தியார் மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வெயிலைப் பார்த்தார்.

அவர் மடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் பட்டுப் பாவாடை, ஒரு ஜோடித் தங்கத் தோடு, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. பஸ்ஸின் கூரைமேல், காலைக் கட்டிப் போட்ட ஒரு கிடாய். எல்லாம் தாய்மாமன் சீர். அன்று நாகமலை புதுக்கோட்டையில் அவருடைய தங்கை பாண்டியம்மாளின் மகளுக்குக் காதுகுத்து. நல்ல நேரம் உச்சிப்பொழுதோடு முடிகிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் யாரும் மீறத் துணியாத சட்டம்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், தங்கையின் மூத்த பையனுக்கு முடியிறக்கிய அன்று, வாத்தியார் இதே மாதிரி சீரோடு போனார். சீர் கொண்டுவருகிற தாய்மாமனை ஊர் எல்லையில் கொட்டுமேளத்தோடு வந்து அழைத்துப்போக வேண்டும். அன்றைக்கு எல்லையில் கொட்டும் இல்லை, ஆளும் இல்லை. தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றார், நின்றார், காக்கை வந்து வாழைப்பழத்தைக் கொத்துகிற வரைக்கும் நின்றார். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். தங்கை புருஷன் விருமாண்டி, மச்சான் சீக்கிரம் வந்துவிட்டார் என்றான். இவர், மாப்பிள்ளை வேண்டுமென்றே நேரம் கடத்தினான் என்றார். அத்தோடு போக்குவரத்து நின்றுபோயிற்று.

இந்தத் தடவை பாண்டியம்மாளே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "அண்ணே, கொட்டு வருதா, ஆளு வருதான்னு பாக்காத. நேரா கோயிலுக்கு வந்திரு. நேரந் தவறுனா இவுக பங்காளி மடியில பிள்ளைய வச்சிருவாக. அப்புறம் எனக்குப் பொறந்த வீடு இருக்கா இல்லையான்னு ஊரு கேக்கும்."

அதைக் கேட்டு வாத்தியார் தம்முடைய ரோஷத்தையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். கொட்டு இல்லாவிட்டால் என்ன, நாய்கூட எதிரே வராவிட்டால்தான் என்ன, போய்விடுவது என்று தீர்மானித்துத்தான் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினார். ஏறும்போதே மொக்கையன் அவரை ஏற இறங்கப் பார்த்து, விருமாண்டி அண்ணன் மச்சான் நீங்கதானா என்று விசாரித்து, முன் ஸீட்டைத் துண்டால் தட்டி உட்கார வைத்தார். அந்த மரியாதையில் வாத்தியார் உருகிப்போனார். இப்போது அந்த ஸீட்டில்தான் முள்மேல் இருப்பதுபோல் இருந்தார்.

மதுரையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் அவர் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர். வருஷா வருஷம் முதல் பாடமே விசையும் இயக்கமும். நின்ற பொருளை நகர்த்துவதுதானே? அவர் தாம்பாளத்தை ஸீட்டில் வைத்துவிட்டுக் கீழே குதித்தார்.

"எல்லாரும் இறங்குங்க. பாரம் குறையணும், தள்ளுற ஆளு கூடணும். ரெண்டும் ஒண்ணா நடந்தா வண்டி போயிரும்."

எல்லாரும் இறங்கினார்கள், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ராக்கம்மாளைத் தவிர. சந்தையில் கருவாடு விற்கிற அந்த அம்மாள் அசையவே இல்லை. கொஞ்சம் முன்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நான் எறங்கி என்ன ஆகப் போகுது? நீங்க தள்ளுங்கய்யா, நல்லாத் தள்ளுங்க," என்றாள்.

தள்ளினார்கள். வாத்தியாருக்குப் பக்கத்தில் வளையல் வியாபாரி பாதுஷா தோள் கொடுத்தார். ஐலசாப் போட்டுத் தள்ளினார்கள். வண்டி ஒரு நெல் அளவு நகரவில்லை.

வாத்தியார் முன்புறம் ஓடிப் பார்த்தார். மொக்கையன் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, நெற்றியில் நரம்பு புடைக்க உட்கார்ந்திருந்தார். வேர்வை ஊற்றியது. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு இவ்வளவு கஷ்டமா என்று வாத்தியாருக்கு மனசு இளகிவிட்டது.

"நீங்க மனசாலேயே எங்களோட தள்ளுறீக மொக்கையண்ணே. ரொம்ப நன்றி," என்றார்.

மொக்கையன் கடித்த பல்லை விடாமல் தலையை ஆட்டினார்.

வாத்தியார் பின்னால் வந்து கூட்டத்துக்கு விளக்கினார். ஒரு பொருளைத் தள்ளியும் அது நகரவில்லையென்றால், தள்ளுகிற விசைக்குச் சரிசமமாக எதிரே ஒரு விசை எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஜெயம். இவ்வளவு மேட்டில், இவ்வளவு பாரத்தோடு நிற்கிறது. முதலில் கூரைப் பாரத்தை இறக்க வேண்டும்.

மொக்கையன் உடனே சம்மதித்தார். "நிதானமா எறக்குங்க, அவசரமே இல்ல," என்று சொல்லவும் சொன்னார். மூட்டைகள் இறங்கின. பாதுஷாவின் வளையல் கூடைகள், உடையாமல் இருக்க வேண்டுமே என்று, குழந்தையை இறக்குவதுபோல் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாகக் கிடாய் இறங்கியது. இறக்கிய ஆள் கட்டுச் சரியாக இருக்கிறதா என்று கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். சரியாக இல்லை. கிடாய் எழுந்து, உதறி, முதல் வேலையாகக் கண்டக்டரை முட்டிக் கவிழ்த்துவிட்டு, கடலைக் கொல்லைக்குள் பாய்ந்தது.

ஓடுகிற பொருள் ஒரு தடை வரும்வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும் என்று வாத்தியார் வகுப்பில் சொல்லியிருக்கிறார். அதைப் பின்னால் ஓடிப் பார்த்தது அன்றுதான். தடை ஒரு கருவேல மரத்து ரூபத்தில் வந்தது. அது கிடாயை விட்டுவிட்டு வாத்தியாரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. பாதுஷா சுற்றிவந்து கிடாயின் கொம்பைப் பிடித்துக் கொடுத்தார்.

"இந்த உபகாரத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் பாய்," என்றார் வாத்தியார், கிழிந்த வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

"அதெல்லாம் இருக்கட்டும்ண்ணே. வெயிலைப் பாருங்க, ஏறிக்கிட்டே போகுது," என்றார் பாதுஷா.

மறுபடியும் தள்ளினார்கள். வெறும் கூடாக நின்ற வண்டி, முன்னைவிடப் பிடிவாதமாக நின்றது.

அப்படியென்றால் உராய்வுதான் எதிரி என்று வாத்தியார் முடிவுகட்டினார். அச்சில் எண்ணெய் வறண்டிருக்க வேண்டும். மொக்கையனைக் கேட்டதும் எண்ணெய் டப்பாவைத் தயங்காமல் எடுத்து நீட்டினார். அன்று அவர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லவில்லை, வண்டி ஓட்டுவதைத் தவிர. நாலு சக்கரத்துக்கும் டப்பா காலியாகும்வரை ஊற்றினார்கள். அச்சு குடித்தது போக மிச்சம் ரோட்டில் வழிந்தது. அடுத்த ஐலசாவில், தள்ளியவர்கள் அத்தனை பேரும் வரிசையாகக் கால் வழுக்கிக் குப்புற விழுந்தார்கள். சக்கரத்துக்கு வேண்டாத உராய்வு தள்ளுகிறவன் பாதத்துக்கு வேண்டும் என்பதைப் பாடத்தில் சேர்க்க வேண்டுமென்று வாத்தியார் படுத்தபடியே நினைத்துக்கொண்டார். உள்ளே ராக்கம்மாள் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது. மேட்டில் நின்றதிலிருந்து அது அசைந்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் ஒரு ஜோடி உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு மலையாண்டி என்கிற சம்சாரி வந்தார். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார், விஷயத்தைச் சொன்னார், தங்கை சொல்லி அனுப்பியதையும் சேர்த்துச் சொன்னார். மலையாண்டிக்கும் தங்கச்சிகள் உண்டு. கண் கலங்கிப்போய், மாட்டின் நுகத்தடியில் வடத்தைக் கட்டி, மறுமுனையை பஸ்ஸின் முன்னால் இருந்த பம்பரில் முடிந்தார்.

இதைக் கண்டு மொக்கையன் முதல்முறையாகக் கலவரப்பட்டார். "மாடு வேணாம் வாத்தியாரே! மாடு தாங்காது!"

"தாங்கும்," என்றார் மலையாண்டி, தம் மாட்டைக் குறை சொன்ன ரோஷத்தில். "நீரு சும்மா உக்காரும்."

முன்னால் மாடு இழுத்தது. பின்னால் சனம் தள்ளியது. நடுவில் மொக்கையன், மண்டை பின்னுக்குச் சாய, ஸீட்டோடு ஸீட்டாக ஒட்டி, 'முருகா' என்று முனகினார். ஒரு கணம் எல்லாம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு படார் என்று ஒரு சத்தம். மாடுகள் ரோட்டில் நாலு கால் பாய்ச்சலில் போயின. அவற்றின் பின்னால் பம்பர் மட்டும் கணகணவென்று போயிற்று. பஸ் நின்ற இடத்திலேயே நின்றது.

வாத்தியார் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிட்டது. முகமெல்லாம் கரி, முழங்காலெல்லாம் எண்ணெய், வேட்டி பாதி. தங்கையின் பிள்ளை வேறு எவன் மடியிலோ உட்கார்ந்து அழுவது கண்முன்னால் தெரிந்தது.

அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது.

"போச்சு," என்றார் வாத்தியார். "காது குத்தியாச்சு."

ஆனால் மொக்கையனின் முகம் தெளிந்தது. "எந்திரிங்க வாத்தியாரே. எனக்கென்னமோ தம் பிடிச்சிரும்னு தோணுது. கடைசியா ஒரே ஒரு தள்ளு!"

நம்பிக்கை இல்லாமல்தான் வாத்தியார் எழுந்தார். கண்ணை மூடி, அய்யனாரை நினைத்துக்கொண்டு, நெற்றியையும் வண்டியில் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். கண் திறந்தபோது முன்னால் வண்டி இல்லை. கைகள் மட்டும் நீட்டியபடி இருந்தன. இன்ஜின் உறும, அது பூப்போல மேடேறிப் போய், உச்சியில் நின்று, ஆரன் அடித்துக் கூப்பிட்டது.

மூட்டை முடிச்சோடு எல்லாரும் ஓடி ஏறினார்கள். மலையாண்டியும் ஓடிய மாட்டைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிட்டு, பம்பரை அவிழ்த்து பாதுஷாவிடம் கொடுத்து, இவ்வளவு தூரம் வந்த பிறகு முடிவு தெரியாமல் போவதாவது என்று ஏறிக்கொண்டார்.

மேட்டுக்கு அப்பால், ஊர் எல்லையில், அதே புளியமரத்தடியில், ஊரே நின்றது. இரண்டு செட்டுக் கொட்டு. நடுவில் விருமாண்டி, கையில் ரோஜா மாலையோடு. வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தவன்போல் அவனுக்கும் மூச்சு வாங்கியது.

"மாப்ள, நேரம் தவறிப் போச்சோ?" என்றார் வாத்தியார், தாம்பாளத்தோடு இறங்கியபடி.

"இப்பத்தான் மச்சான் சரியான நேரம். வாங்க," என்று விருமாண்டி கரி படிந்த அந்தக் கழுத்தில் மாலையைப் போட்டான். பாண்டியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அண்ணனின் கோலத்தைப் பார்த்தாள். முந்தானையால் அவர் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்கக் கரியும் போயிற்று, இரண்டு வருஷமும் போயிற்று.

சீர் ஊர்வலம் புறப்பட்டது. தாம்பாளம், கிடாய், அதற்குப் பின்னால் பாதுஷா தோளில் பம்பர். அதுவும் சீர்தான் என்று நினைத்துப் பெண்கள் அதற்கும் குலவை போட்டார்கள். உச்சிப்பொழுது சாய்வதற்குள், பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊர் கேட்க அழுதது. அதைவிட இனிமையான சங்கீதத்தைக் கண்ணுச்சாமி வாத்தியார் கேட்டதில்லை.

தன்னோடு தோள் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்தார். எதிர்பாராத ஒரு பஸ் நிறையச் சனம். ஆனாலும் விருமாண்டி முகம் கோணாமல், கொஞ்சம் அதிகப்படியான அவசரத்தோடேயே இலை போடச் சொன்னான். பந்தியில் வாத்தியார் எழுந்து நின்று நன்றி சொன்னார். பாதுஷாவுக்கு, மலையாண்டிக்கு, அவருடைய மாடுகளுக்கு, சிரித்து உற்சாகம் கொடுத்த ராக்கம்மாளுக்கு, மனசாலேயே தள்ளிய மொக்கையனுக்கு.

"ஒரே ஒரு குறைதான். அம்புட்டுப் பேரையும் எதிர்த்து நின்ன அந்த விசை எதுன்னு கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடவே இல்ல," என்று முடித்தார்.

வலது காலை இழுத்து இழுத்து வந்து கடைசி இலையில் உட்கார்ந்த மொக்கையன், பரிமாற வந்த விருமாண்டியிடம் பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அண்ணே, கொட்டுக்காரங்க வந்து சேர்ற வரைக்கும் மச்சானை மேட்டுலயே பிடிச்சு வையி, கொட்டு இல்லாட்டி மறுபடியும் திரும்பிப் போயிருவாருன்னு லேசாச் சொல்லிட்டீக, ஒரு பஸ் சனத்தையும் ரெண்டு உழவு மாட்டையும் எதிர்த்து பிரேக்க மிதிச்சு நின்ன இந்தக் காலுக்கு, ரெண்டு துண்டு கறி சேத்துப் போடுங்க."