பூதங்குடி குடியிருப்போர் நலச்சங்கம்

பூதங்குடி ஏரி இன்னும் காயவில்லை. நீலப் பெயின்டை நிவேதிதா கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் வருகிறார்கள். ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. அதற்கான ஊரை உருவாக்கும் பொறுப்பு முதல்முறையாக அவளுக்கு. "பாக்கத்தானே போறோம்" என்று கிரண் ஏற்கெனவே சிரித்துவைத்திருந்தான்.

நான்கு சார்ட்டை ஒட்டி வரைந்த ஊரை விரித்தால், அவளுடைய திருமுல்லைவாயில் ஃப்ளாட்டில் மனிதர் நடக்க இடமில்லை. காயட்டும் என்று கீழே வாட்ச்மேன் துலுக்கானத்தின் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினாள்.

சாயங்காலம் சங்கச் செயலாளர் ரவிச்சந்திரன் அதன் முன்னால் நின்றிருந்தார். லிஃப்ட் பழுதாகி மூன்று வாரமாகிறது. அதன் முன்னால்கூட அவர் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

"லேஅவுட் எங்கம்மா வருது? வேலப்பன்சாவடி பக்கமா?"

"இல்ல அங்கிள், இது கற்பனை ஊர்."

"எல்லா லேஅவுட்டும் மொதல்ல அப்படித்தான்மா இருக்கும். ஏரி ஓரமா அந்தக் கார்னர் மனை எனக்கு."

சார்ட்டின் தலையில் 'இது கற்பனை ஊர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தாள். மறுநாள் காலையில் அதன் கீழே பால்பாயின்ட் பேனாவில் ஒரு கேள்வி: 'கற்பனை ஊர் இரண்டாம் கட்டம் எப்போது?'

மூன்றாம் மாடி சாவித்திரி படியிலேயே மடக்கினாள்.

"ஊர் நல்லாத்தான் இருக்கு நிவி. ஆனா இந்தச் சந்துல தண்ணி லாரி திரும்பாதே?"

"ஆன்ட்டி, அது ராட்சசர்கள் பதுங்கியிருக்கிற சந்து."

"ராட்சசனுக்குக் குளிக்கத் தண்ணி வேணாமா?"

தொல்லை விடட்டும் என்று நிவேதிதா சந்தை அகலமாக்கினாள். இடம் போதாமல் பேய் மாளிகை கிழக்கே நகர்ந்து வயலில் உட்கார்ந்தது. பால் ஊற்ற வந்த முத்தம்மாள் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள்.

"எங்க தாத்தா உழுத நெலத்துல பேய் ஊட்டக் கட்டிகீறியே, இன்னா நாயம்மா இது?"

"அக்கா, அந்த நிலத்தையே நான் முந்தாநாள்தான் வரைஞ்சேன்!"

"நீ வரையறதுக்கு முன்னாடியே அது எங்க நெலம்தான்."

இனிப் பயமுறுத்தினால்தான் அடங்குவார்கள் என்று மலைமேல் ஒரு பூதத்தை வரைந்தாள். சிவப்புக் கண், வாயில் பாதி மனிதன். பூதத்துக்குப் பக்கத்தில் எவன் மனை கேட்பான்?

எவனும் கேட்கவில்லை. மனுதான் கொடுத்தார்கள். 'பூதத்தை அண்ணனூர்ப் பக்கம் மாற்றுக' என்று முப்பத்திரண்டு கையெழுத்து. அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டாம் மாடியிலிருந்து எதிர்மனு: 'பூதம் இம்மண்ணின் பூர்வகுடி. அகற்ற விடமாட்டோம்.'

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்தபோது பார்க்கிங்கில் நாற்காலி போட்டிருந்தது. பூதங்குடி குடியிருப்போர் நலச்சங்கத்தின் முதல் பொதுக்குழு. மைக்கில் ரவிச்சந்திரன். சுவரில் இருந்த ஊரில் இப்போது இரண்டு பஸ் ஸ்டாப், ஒரு பிள்ளையார் கோயில், நீளமாக ஒரு மழைநீர்க் கால்வாய். வீரர்கள் வாளைச் சுழற்ற ஓர் அங்குலம் மிச்சமில்லை.

"சூப்பர் ஊர்" என்றான் கிரண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நிவேதிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகப் போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"அப்படி ஒரு ஊரே கிடையாது! மனை கிடையாது, பூதம் கிடையாது! இது வெறும் விளையாட்டு! யாருக்குமே புரியலையா?"

பாதிப் படத்தில் யாரோ லைட்டைப் போட்டுவிட்டதுபோல எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ரவிச்சந்திரன் சங்கடமாகச் செருமினார். சாவித்திரி தரையைப் பார்த்தாள்.

துலுக்கானம்தான் எழுந்து வந்து மைக்கை மெதுவாக வாங்கினார்.

"அது மொத நாளே தெரியும்மா, அவங்கவங்க வேஷத்த அஞ்சு நாளா ஆடிக்கினுதான் கீறோம்; உனுக்கு இன்னா வேஷம்னு சொன்னா உன்னியும் சேத்துக்குவோம்."