பாதியிலேயே கூப்பிடச் சொன்னவர்

எந்தக் காரியத்தையும் முடிந்த பிறகு சொல்வதில் பயனில்லை என்று நம்பிய ஒரே மனிதர், பினாங்குத் தீவிலேயே எங்கள் ‘பாதி’தான்.

சூலியா தெருவில், காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கிளினிக்குகளில் “பன்னிரண்டாம் நம்பர், உள்ளே வாங்க” என்று கூப்பிடும் பேசும் பெட்டிகளைச் செய்தோம். பெட்டியில் ஒலியை ஓடவைக்கும் டிரைவர் புரோகிராமை எழுதுபவர் ‘பாதி’. காகிதங்களைச் சரிபார்ப்பவன் நான்.

கீழே தேத்தண்ணிக் கடை அக்காவோடு அவருக்குத் தினமும் தகராறு.

“அக்கா, கிளாஸ் பாதியாச்சு. ஊத்துங்க.”

“குடிச்சு முடிங்கலா!”

“காலியானப்புறம் கூப்பிட்டா, நீங்க வர்ற வரைக்கும் காத்தையா குடிக்கிறது?”

கல்யாண விருந்தில் சோறு பாதி இருக்கும்போதே கையை உயர்த்துவார். போதும் என்கிறார் போலும் என்று நினைத்து, பரிமாறுபவர் அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார்.

ஒரு தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க அவர் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போயிருந்தபோது, அவருடைய புரோகிராமின் அமைப்புத் தாள் என் மேசைக்கு வந்தது. சேமித்த ஒலி பாதி தீர்ந்ததும் ஒரு தடவை, முழுதும் தீர்ந்ததும் ஒரு தடவை, அடுத்த ஒலியை நிரப்பச் சொல்லி, பெட்டியின் மூளையான பிராசஸரை இடைமறித்துக் கூப்பிட வேண்டுமாம். இண்டரப்ட் என்பார்கள். ஒரே வேலைக்கு இரண்டு அறிவிப்பா? நிர்வாகம் படித்தவன் அல்லவா நான். முதல் வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். அவர் இல்லாததால் மற்றவர்கள் புரோகிராமையும் அப்படியே மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் பெட்டி, “பன்... டக்... ரண்டாம்... டக்” என்று விக்கியது. மாலையில் வாங்குபவர் வருகிறார்.

“எவன் வேலை இது? அவன் இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்!” என்றார் முதலாளி.

நான் ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. சொன்னால், விரட்டப்பட்டவன் என்ற பெயரோடு போகவேண்டும்.

மதியம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ‘பாதி’ வந்து தாளைப் பார்த்தார். அலுவலகத்தில் சிவப்பு மை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

“அண்ணே,” என்றார் மெதுவாக, “பெட்டியைக் காத்தைக் குடிக்க விட்டுட்டீங்களே!”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடித்த வரியைப் புரோகிராமில் திரும்பச் சேர்த்தார். வாங்குபவர் வருவதற்குள் பெட்டி விக்காமல் பேசியது. முதலாளி அறிக்கை கேட்டார். ‘தவறு: என்னுடையது’ என்று ‘பாதி’ எழுதிக் கொடுத்தார்.

“உன்னை அனுப்பிட்டா இந்தச் சனியனை யாருலா பேச வைப்பா?” என்று முதலாளி கத்திவிட்டு அடங்கினார்.

அந்த அறிக்கையும் சரிபார்க்க என்னிடம்தான் வந்தது. பொய்யான அறிக்கையைத் திருப்பி அனுப்புவதே நடைமுறை. கையெழுத்திட்டேன், யாரும் கேட்காமலே ஒரு நகலும் எடுத்தேன். இன்றும் அது என் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு இருக்கிறது.