இரு கண்ணும் தெளிவாகத் தெரிவோர் மட்டும்

எங்கள் தெருமுனையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் இரண்டாவது மாடிக் கூடத்தில் மூன்று வருடமாக ஒரு யோகா வகுப்பு எந்தக் குறையும் இல்லாமல் நடந்துவந்தது. குறையில்லாத விஷயம் எந்தக் கோப்பிலும் ஏறாது. கோப்பில் ஏறாத விஷயம் நடக்கவே இல்லை என்பது நிர்வாக மரபு. ஆகவே, நடக்காத அந்த வகுப்பைத் தொடர்ந்து நடத்தலாமா என்று பரிசீலிக்க மேலிடம் ஓர் ஆய்வாளரை அனுப்பி வைத்தது.

வகுப்பை நடத்தியவர் முன்பு நர்ஸாக இருந்தவர். பிள்ளைகளுக்கு 'யோகா அக்கா'. அவர் முறை எளிது. ஒவ்வொரு பாயின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு தடித்த கயிறு தைத்திருப்பார். பாதம் கோணினால் கயிறு சொல்லிவிடும். புது ஆசனம் என்றால் முதலில் அக்கா செய்து நிற்பார். பிள்ளைகள் வரிசையாக வந்து அவர் முட்டியையும் முதுகையும் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மிச்சமெல்லாம் வாய்தான். "அலமாரி மேல்தட்டுல உன் மிட்டாயை யாரோ ஒளிச்சு வச்சுட்டாங்க, எக்கி எடு!" என்றால் நாற்பத்து நான்கு கைகள் கூரையைத் தேடும்.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்திக்குக் 'கேள்வி' என்று பட்டப்பெயர். பத்து வயது. காரணம் நான் சொல்ல வேண்டாம், அவளே காட்டுவாள். வந்த புதிதில் சுவரைப் பிடிக்காமல் நாலடி வைக்கமாட்டாள், விழுந்துவிடுவோம் என்ற பயம். இப்போது பள்ளி முழுக்கக் கைவீசி நடக்கிறாள். ஆய்வில் தேறாவிட்டால் வகுப்பு மூடப்பட்டு, கூடம் உடைந்த நாற்காலிகளை வைக்க ஒதுக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தபோது முதலில் கேட்டவளும் அவள்தான். "நாற்காலிக்கு எதுக்குக்கா அவ்வளவு இடம்? அது கையைக் காலை நீட்டுமா?"

ஆய்வாளர் வந்தார். வயிறு முதலில் வந்தது.

"பொது யோகா வகுப்புகளுக்கான தரநிர்ணயப் படிவம். விதி ஒண்ணு: மாணவர்கள் பயிற்றுநரைப் பார்த்து அப்படியே செய்யணும். பார்க்கறாங்களா?"

"சார், இவங்களுக்குக் கண்ணு தெரியாது," என்றார் யோகா அக்கா.

"அது எனக்குத் தெரியுதும்மா. படிவத்துக்குத் தெரியாதே. விதி நாலு: எதிர்ச்சுவர்ல ஆளுயரக் கண்ணாடி. விதி ஒன்பது: ஒற்றைக்கால் ஆசனத்துல பார்வையை நிலைநிறுத்த, ஆளுக்கு ஒண்ணு வீதம் சுவர்ல கறுப்பு வட்டம். விட்டம் ரெண்டு அங்குலம்."

"ஒட்டி என்ன சார் பண்றது?" என்றார் தலைமையாசிரியை.

"பண்றது உங்க பாடு. ஒட்டறதுதான் விதி. பத்து நாள் டைம்."

கண்ணாடி வந்தது. ஜில்லென்று ஒரு சுவர் கிடைத்த சந்தோஷத்தில் பிள்ளைகள் கன்னத்தை வைத்து வைத்து அதை மங்கலாக்கினார்கள். தலைமையாசிரியை ஏணி போட்டு, அளவுகோல் பிடித்து, இருபத்திரண்டு வட்டங்களைத் தன் கையாலேயே ஒட்டினார். அவை எங்கே இருக்கின்றன என்பதை அன்றே இருபத்திரண்டு நகங்கள் கண்டுபிடித்துவிட்டன.

பதினோராம் நாள் ஆய்வாளர் வந்தபோது பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு "வாங்க சார், வாங்க சார்" என்று தோளிலும் முதுகிலும் தட்டி வரவேற்றார்கள். அவர் நெகிழ்ந்துபோனார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"வட்டம் எங்கேம்மா?"

தலைமையாசிரியை பொய் சொல்லாதவர். "இருக்கு சார். கொஞ்சம் நகர்ந்துகிட்டே இருக்கு."

குற்றவாளிகளைக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊர்வலம் விடுவார்கள் என்று படித்திருக்கிறோம். செம்புள்ளிக்கு ஒதுக்கீடு இல்லாததால் ஆய்வாளரின் முதுகில் கரும்புள்ளி மட்டும் இருந்தது. விதி நான்கின்படி மாட்டிய கண்ணாடியில் திரும்பிப் பார்த்து அவரே அதைக் கண்டார்.

"வகுப்பை மூடியாச்சு!"

"சார்," என்றாள் கேள்வி, "வட்டத்தைப் பார்க்கலேன்னா விழுந்துடுவாங்கன்னுதானே ஒட்டச் சொன்னீங்க? நாங்க ஒத்தைக்கால்ல நிக்கறோம், எண்ணுங்க."

நின்றார்கள். அவர் அறுபதுவரை எண்ணிக் களைத்துப்போனார்.

"இப்ப நீங்க கண்ணை மூடிட்டு நில்லுங்க. நாங்க எண்ணறோம்."

மானப் பிரச்சினை. நின்றார். "ஒண்ணு, ரெண்டு" வரை அரசாங்கம் நிலையாக இருந்தது. மூன்றில் பாய்க்கட்டின் மேல் கவிழ்ந்தது.

ஆனால் எழவில்லை. கண்ணை மூடியபடியே அங்கே கிடந்தார். கோப்பு தெரியவில்லை, மேலதிகாரி தெரியவில்லை, தன் வயிறுகூடத் தெரியவில்லை. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு நிம்மதியை அவர் கண்டதில்லை.

"சார், உயிர் இருக்கா?" என்றாள் கேள்வி.

"இப்பதாம்மா வந்திருக்கு."

யோகா அக்கா அன்று பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கித் தந்தார். வகுப்பு பிழைத்தது என்று நினைத்துவிட்டார், பாவம்.

ஆய்வாளர் எழுதிய அறிக்கை மேலே போனது. திரும்பி வரும்போது திட்டமாக வந்தது. 'இருள் யோகா: காணாமையின் வழியே காணுதல்.' பட்டுத்துணியில் கண்கட்டு. பல் டாக்டர் சேர்ந்தார், நகைக்கடைக்காரர் சேர்ந்தார், அவரைப் பார்த்துத் தெருவே சேர்ந்தது. பிள்ளைகளின் அந்தக் கூடம் காலையும் மாலையும் இவர்களால் நிரம்பியது. முதல் வாரமே டாக்டரின் முழங்கை நகைக்கடைக்காரரின் மூக்கில் இறங்கியதால், பாதுகாப்பு கருதி, கண்கட்டில் இரண்டு சிறு துளைகள் அனுமதிக்கப்பட்டன.

யோகா அக்காவுக்குத் தலைமைப் பயிற்றுநர் பதவி தந்தார்கள். பிள்ளைகள் இல்லாமல் வரமாட்டேன் என்றார். விதிப்படி விண்ணப்பிக்கட்டும் என்றார்கள். இருபத்திரண்டு பேரையும் வரிசையாக அழைத்துப்போய் எழுத்தர் முன்னால் நிறுத்தினார்.

"கண் டாக்டர் சர்டிபிகேட் எங்கே? இரு கண்ணும் தெளிவாகத் தெரிவோர் மட்டும்னு போட்டிருக்கே."

"இவங்ககிட்ட கத்துக்கிட்டதுதாங்க இது!"

"இருக்கட்டும்மா. தெரியற கண்ணைக் கட்டினாத்தானே இருள்? தெரியாத கண்ணைக் கட்டினா, கட்டினாங்களா இல்லையான்னு நாங்க எப்படிச் சரிபார்க்கறது?"

"எங்ககிட்டதான் ஏற்கெனவே இருட்டு இருக்கே சார்?" என்றாள் கேள்வி.

"இருக்கும்மா, யார் இல்லேன்னா? ஆனா அது அங்கீகரிக்கப்பட்ட இருட்டு இல்லையே."

இப்போது அவர்கள் வகுப்பு மாடிப்படித் திருப்பத்தில் நடக்கிறது. நான்கு பாய்தான் விரிக்க முடியும்; நால்வர் செய்யும்போது மற்றவர்கள் படியில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கிறார்கள். இன்று இருள் யோகாவின் ஒருங்கிணைப்பாளராகிவிட்ட ஆய்வாளர் தினமும் அதைத் தாண்டித்தான் மேலே போகிறார். மாடிப்படிக்குப் படிவம் இல்லாததால் அவர் கண்ணில் எதுவும் படுவதில்லை.

போன மாதம் நானும் சேர்ந்துவிட்டேன். தெருவில் நான் ஒருவன் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு அலைவது வீட்டில் இருப்பவளுக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

நேற்று சற்றுத் தாமதம். இரண்டு இரண்டு படியாக ஏறினேன். திருப்பத்தில் கேள்வி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். என் தோள்பை இடித்து, தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்து வரக் கூடாதா மாமா?"

"ஓரமா நில்லும்மா, நேரமாச்சு," என்றேன். "நான் போய்க் கண்ணைக் கட்டணும்."