கடலில் படித்துறை தேடிய கதை

2025 ஜனவரி 18, சனிக்கிழமை. காலை 5.20-க்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். நாட்குறிப்பின் வலது மேல் மூலையில் '6' என்று எழுதினேன். விடுமுறையில் மீதி இருக்கும் நாட்கள். காலை உணவு நான்கு இட்லி (ஐந்தாவதைக் கோமு கேட்காமல் வைத்தாள், நானும் மறுக்கவில்லை). 9.40-க்குக் கல்லிடைக்குறிச்சியில் இருந்து கார் கிளம்பியது.

நான் மஸ்கட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பர். போல்ட், நட்டு எண்ணி எண்ணி, எண்ணும் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எனக்கும் கோமுவுக்கும் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். அதில் ஒரே கூரையின் கீழ் இருந்தது 811 நாட்கள். மற்றதெல்லாம் ஃபோன்.

ஃபோனில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். நான் அளந்தது நீச்சல் விஷயத்தில். (முழுப் பொய் இல்லை. பதினாறு வயது வரை தாமிரபரணியில் கிடந்தவன்தான்.) மஸ்கட்டில் இருந்து சொல்லச் சொல்ல, வருடத்துக்கு வருடம் ஆறு அகலமாகிக்கொண்டே போனது. ஒருநாள் கோமு ஒரு வீடியோ அனுப்பினாள். ஒருவன் பலகை மேல் நின்றபடி அலையில் சறுக்கி வருகிறான். "நீங்க இப்படி நிப்பீயளா?" என்று கேட்டிருந்தாள். "இது என்ன பெரிய காரியம்" என்று பதில் போட்டேன்.

நான் நீந்தி அவள் ஒருதடவை கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு விடுமுறையையும் யாராவது ஒருவரின் கல்யாணமோ ஆஸ்பத்திரியோ தின்றுவிடும். இந்த முறை மகளைக் கொழுந்தியாள் வீட்டில் விட்டுவிட்டு, கூடங்குளம் தாண்டி ஒரு கடற்கரையில் இரண்டு நாளுக்கு அறை எடுத்தோம். நான் தண்ணீர் மேல் நிற்பதை அவள் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அந்தக் காட்சி அவளிடம் இருந்தால் அடுத்த பதினொரு மாதமும் தள்ளிவிடலாம் என்பது என் திட்டம்.

மாலை 4.30-க்கு அலைச்சறுக்கு வகுப்பு. கற்றுக்கொடுப்பவர் ரெக்ஸ், முப்பது வயதுக்காரர், கடலோரத்திலேயே பிறந்தவர். உடம்பைப் பிடிக்கும் ஒரு கறுப்புச் சட்டை கொடுத்தார்.

"வயித்த உள்ள இழுங்க அண்ணாச்சி."

"இழுத்துதான் வச்சிருக்கேன்."

மணலில் படுத்து எழும்பப் பழக்கிவிட்டு, கரையில் நட்டிருந்த ஒரு சிவப்புக் கொடியைக் காட்டினார். "தண்ணி பக்கவாட்டுல இழுக்கும். கொடியப் பாத்துக்கிட்டே இருங்க. அது நகந்தா நீங்கதான் நகருதீயன்னு அர்த்தம். உடனே கரைக்கு வந்திரணும்."

"தம்பி, நான் ஆத்துல வளந்தவன்."

"ஆறு வேற அண்ணாச்சி," என்றார் ரெக்ஸ், மரியாதையாகத்தான்.

5.05-ல் இருந்து 5.25-க்குள் ஐந்து முறை விழுந்தேன். அதிகபட்ச சாதனை, இரண்டு விநாடி முழங்காலில் நின்றது. (கும்பிடுவது போல் இருந்ததாம்.) மணலில் துண்டு, மாற்று வேட்டி, முறுக்குப் பொட்டலம், தைலம் சகிதம் உட்கார்ந்திருந்த கோமு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரெக்ஸ் இன்னொருவரைத் தூக்கிவிடத் திரும்பிய நேரம், அடுத்த வீழ்ச்சியாவது அவள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று பலகையில் படுத்துக் கொஞ்சம் தள்ளிப் போனேன். இழுவை அங்கேதான் இருந்தது.

எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் வேடிக்கை. ஆறு இழுத்தால் எதிர்த்து நீந்தக் கூடாது, அதன் போக்கில் விட்டால் அடுத்த படித்துறையில் ஏறிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஆகவே நான் பலகை மேல் சௌகரியமாகப் படுத்து, அடுத்த படித்துறைக்காகக் காத்திருந்தேன். (கடலில்.)

கரையில் கோமு எழுந்து கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கை தூக்கினால் என் கையும் தானாக எழும். பத்தொன்பது வருடப் பழக்கம். அவள் வேகமாக ஆட்டினாள். நானும் வேகமாக ஆட்டினேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடக்க ஆரம்பித்தாள்.

எலுமிச்சை அளவில் தெரிந்த அணுமின் நிலையக் குவிமாடங்கள் தேங்காய் அளவுக்கு வந்தபோதுதான், கடலுக்குப் படித்துறை கிடையாது என்பது உறைத்தது. அந்த நேரம் ஓர் அலை என்னைப் புரட்டிப் போட்டது. மூச்சைப் பிடித்துக் காலை ஊன்றினால், இடுப்பளவுத் தண்ணீர்.

கரையில் இரண்டு பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் என்னையும் பலகையையும் நிதானமாகப் பார்த்தார்.

"என்னவே, கதவக் கழட்டிட்டு வந்திருக்கீரு. எந்த ஊரு?"

"கல்லிடைக்குறிச்சி."

"அங்கேருந்தா மெதந்து வாரீரு?"

மற்றவர் தலை நிமிராமலே சொன்னார்: "ஆத்துல தண்ணி நல்லா போவுது போல."

செருப்பைக் கையில் பிடித்தபடி கோமு வந்து சேர்ந்தாள். கூடவே ஓடிவந்த ரெக்ஸ், நான் முழுசாக இருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துவிட்டு, மற்றவர்களைக் கவனிக்கத் திரும்பி ஓடினார். கோமுவுக்கு மூச்சு வாங்கியது.

"போறதும் போறீய, கைய வேற ஆட்டுதீய."

"நீதானே முதல்ல ஆட்டுன?"

"நான் வாங்கன்னுல்லா கூப்புட்டேன்."

குனிந்து பலகையைத் தூக்கினேன்.

பலகையின் முன்பக்கத்தை நானும் பின்பக்கத்தை அவளுமாகத் தலையில் தாங்கித் திரும்பி நடந்தோம். நாற்பது நிமிடம். மகளின் படிப்பு, மாடிக் கசிவு, ஃபோனில் சொல்லி முடிக்காத எல்லாவற்றையும் பேசிக்கொண்டே வந்தாள். குரல் மட்டும் வந்தது, முகம் தெரியவில்லை, ஃபோன் மாதிரியே. ஆனால் திரும்பிப் பார்த்தால் இருந்தாள். நான்கு முறை திரும்பினேன்.

"நேராப் பாத்து நடங்க. மறுபடியும் எங்கயாவது போயிராதீய."

இப்போதும் மஸ்கட்டில் நான் ஃபோனை எடுத்ததும் மகள் முதலில் கேட்பது, "அப்பா, படித்துறை வந்துட்டா?" என்றுதான். "இன்னும் வரலை" என்பேன். பின்னால் கோமு சிரிப்பது கேட்கும்.

கடலில் மிதந்ததற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் 5.20-க்கு விழித்தேன், நாட்குறிப்பை எடுக்கவில்லை. வெளுத்ததும் முதல் வேலையாகக் கடலுக்குப் போய், கொடி நட்டிருந்த இடத்துக்கு நேரே, பலகை இல்லாமல், முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றேன். கோமு மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று அலைகள் வந்து போயின.

"இப்ப நல்லா நிக்கீய," என்றாள்.